உதாரணத்துக்கு ஒரு முகம்

"அந்தப் படத்துல இருக்கிறது நான்தான்."

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று இப்படிச் சொன்னபோது நான் மண்டபத்தின் மூலையில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தேன். காதில் ஹெட்செட், முன்னால் ஒலிவாங்கி, பக்கத்தில் ஆறிப்போன தேநீர்.

கண்டி வாவிக்கரையில் ஒரு ஹோட்டல். வெளியே மழை. மேடையில் பெரிய திரை. திரையில் ஒரு ரயில் மேடை, அதில் ஒரு பெண், அவள் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற சின்னப் பெண்பிள்ளை. பிள்ளை வாயைப் பிளந்து அழுகிறது. படத்தின் கீழ் மூலையில் சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு சொல். 'பொய்' என்று அர்த்தம்.

பொய்ச் செய்திகளை இனங்காணும் பயிற்சியோடு நடந்த அன்றைய கருத்தரங்கின் தலைப்பு, 'ஊடகம், தொழில்நுட்பம், சமூகம்: சவால்களும் வாய்ப்புகளும்'. சவால்களும் வாய்ப்புகளும் சேர்ந்து வராத ஒரு தலைப்பை இந்த ஊரில் நான் இன்னும் பார்க்கவில்லை.

என் தொழில் உரைபெயர்ப்பு. அதில் ஒரு விதி உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று இழுக்கக் கூடாது. ஆகவே ஒலிவாங்கியில் ஆங்கிலத்தில் சொன்னேன்: "அந்தப் படத்தில் இருப்பது நான்தான்."

மேடையில் உரையாற்றிக்கொண்டிருந்த வளவாளர் என் கூண்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். எனக்கும் படத்தில் இருந்த பெண்ணுக்கும் இருந்த ஒரே ஒற்றுமை இருவரும் சேலை கட்டியிருந்ததுதான்.

"இப்போது கொஞ்சம் மாறிவிட்டீர்கள்" என்றார் ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக.

நான் கண்ணாடி வழியே கையை நீட்டிக் கடைசி வரிசையைக் காட்டினேன்.

பெட்டியும் பையும்

இந்தத் தொடரில் என் தொழிலைப் பற்றி அங்கங்கே தொட்டிருக்கிறேன். புதிதாக வாசிக்க வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா மாநகரசபையில் எழுதுவினைஞர். நாங்கள் இருந்த குடியிருப்பில் எங்கள் வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் சிங்களம். அந்த முற்றத்தில் விளையாடியே எனக்குச் சிங்களம் வந்தது. ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் அடியோடு சேர்ந்து வந்தது. தமிழ் வீட்டில் இருந்தது. மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்த நேரத்தில், ஊரில் கருத்தரங்குகள் பெருக ஆரம்பித்தன. அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுவது அவைதான். ஆகவே நான் சொல்வதை நன்றி கெட்டவள் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

கண்டியில் கருத்தரங்கு நடக்கிறது என்பதை மண்டபத்துக்குப் போகாமலே கண்டுபிடிக்கலாம். வாவிக்கரையில் கொக்கும் நீர்க்காகமும் அடைகிற மரங்களின் கீழே, மழை இல்லாத நாளிலும் குடை பிடித்துக்கொண்டு, தோளில் புதுத் துணிப்பை மாட்டிய ஆட்கள் போவார்கள். குடை, பறவைகளுக்காக. பை, கருத்தரங்கு கொடுத்தது.

உள்ளே போனால் குத்துவிளக்கு. அதை ஏற்ற ஒருவர் பின் ஒருவராகப் பெயர் சொல்லி அழைப்பார்கள். திரி காற்றில் அணையும். மறுபடி ஏற்றுவார்கள். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை. இவை முடிவதற்குள் தேநீர் நேரம். ஒரு மீன் ரோல்ஸ், ஒரு துண்டு கேக், ஒரு வாழைப்பழம் வைத்த அட்டைப் பெட்டி. அந்தப் பெட்டியைத் திறக்கிற சத்தத்தில் மட்டும்தான் மண்டபம் முழுவதும் ஒரே மொழி பேசும்.

அன்றைய வளவாளரைக் கலாநிதி என்றே சொல்கிறேன். முனைவர் பட்டம் வாங்கியவர் என்பதால் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, தமிழில் படித்து, கொழும்பில் நெடுங்காலம் இருந்தவர். மேடையில் ஆங்கிலம் மட்டும்தான். சபையில் யாராவது தமிழில் கேள்வி கேட்டால் ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, என் ஆங்கிலம் வரும்வரை கண்ணை மூடிக் காத்திருப்பார். அவருக்கு அவருடைய தாய்மொழியை உரைபெயர்த்துக் கொடுத்து எத்தனையோ தடவை கூலி வாங்கியிருக்கிறேன்.

அவருடைய உரை எனக்கு மனப்பாடம். முதலில் அது கைத்தொலைபேசியால் இளைஞர்கள் சீரழிவதைப் பற்றியது. அடுத்து முகநூலால் இளைஞர்கள் சீரழிவதைப் பற்றியது. இப்போது செயற்கை நுண்ணறிவால். இளைஞர்கள் அப்படியே இருந்தார்கள், சீரழிவும் அப்படியே இருந்தது. நான் ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பழகினால் போதும்.

தொலைக்காட்சியின் தீமைகள்

இது புதிதல்ல. நான் பாவாடை சட்டை போட்ட காலத்தில், நகரத்தில் ஒரு மண்டபத்தில், தொலைக்காட்சியால் சமூகத்துக்கு வரும் கேட்டைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. அப்பா என்னையும் கூட்டிப் போனார். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி இல்லை. இல்லாதது நல்லதுதான் என்று படித்தவர் ஒருவர் வாயால் என்னைக் கேட்க வைக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

பேசியவர் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர். கண் கெடும், படிப்பு கெடும், குடும்பம் கெடும் என்று ஒவ்வொன்றாகக் கெடுத்துக்கொண்டே வந்தார். அப்பா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். திடீரென்று பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் போதாமையால்" என்று சொல்லி, குடும்பத்தோடு நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார்.

நாங்கள் நடந்து வரும்போது மின்சாரச் சாமான் கடையின் முன்னால் கூட்டம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தின் முன்வரிசையில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தப் பெரியவர்.

அப்பாவும் நின்றார். நானும் நின்றேன். ஆட்டம் முடிந்த பிறகுதான் மூவரும் கலைந்தோம். அடுத்த வருஷம் எங்கள் வீட்டுக்கும் தொலைக்காட்சி வந்தது.

அந்தப் பெரியவரால் யாருக்கும் கெடுதல் இல்லை. அதனால் அவரை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்புத்தான் வருகிறது. வாவிக்கரை மண்டபத்தில் நடந்ததை நினைத்தால் அப்படி வருவதில்லை.

கம்பளை ஸ்டேஷனில் ஒரு பலூன்

எழுந்து நின்றவர் பெயர் தவமணி. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. பன்வில பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கம்பளையில் சந்தைக்குப் பக்கத்தில் சிறிய துணிக்கடை வைத்திருந்தார். அன்று நல்ல நீலச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தார். கலியாணத்துக்குப் போகிறவர்களைத் தவிர வேறு யாரும் இவ்வளவு கவனமாக உடுத்து நான் கருத்தரங்கில் பார்த்ததில்லை.

ஒலிவாங்கியைக் கையில் கொடுத்ததும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்குப் பக்கத்துக் கூண்டில் இருந்த பந்துல என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிங்களத்தில் சொன்னார்.

சில வருஷங்களுக்கு முன்பு, அக்காவின் மகள் விடுமுறைக்குக் கம்பளைக்கு வந்திருக்கிறாள். சின்னப் பிள்ளை. திருப்பிக் கொண்டுபோய்விட ரயிலுக்கு வந்தபோது, ஸ்டேஷனில் யாரோ பலூன் வைத்திருப்பதைப் பார்த்துத் தனக்கும் வேண்டுமென்று பிள்ளை புரண்டு அழுதிருக்கிறாள். ரயில் வந்துவிட்டது. தவமணி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறியிருக்கிறார். எதிர் மேடையில் நின்ற யாரோ ஒருவர் அதைப் படம் எடுத்து, பிள்ளை பிடிக்கிறவள், கவனம் என்று எழுதி வட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்.

"ரயில் கண்டிக்கு வர்றதுக்குள்ள படம் வந்திருச்சுங்க" என்றார் தவமணி. "பஸ் ஸ்டாண்டுல ஆம்பளைங்க சுத்தி நின்னுட்டாங்க. பிள்ளைய எங்கிட்ட இருந்து பறிச்சாங்க. அது என்னைப் பாத்து இன்னும் கத்துது. அது கத்தக் கத்த இவங்க அடிக்கிறாங்க. சட்டைக் கையெல்லாம் கிழிஞ்சிருச்சு. பொலிஸ் வந்து கூட்டிட்டுப் போனாங்க. அக்கா பன்விலயில இருந்து வந்து, இவ என் தங்கச்சின்னு சொன்ன பிறகுதான் விட்டாங்க."

மண்டபத்தில் ரோல்ஸ் பெட்டிகூடச் சத்தம் போடவில்லை.

"அது முடிஞ்சு போச்சு. பேப்பர்லயும் பொய்யின்னு போட்டாங்க. நானும் மறந்திட்டேன். பிறகுதான் நீங்க எல்லா ஊர்லயும் இந்தப் படத்தைக் காட்டுறீங்கன்னு தெரிய வந்துச்சு. நீங்க ஒரு ஊர்ல காட்டினா, அடுத்த வாரம் அந்தப் படம் மறுபடி போன்ல சுத்துது. கூட்டத்துக்கு வர்றவங்க திரையைப் படம் எடுத்து அனுப்புறாங்க. என் கடைக்கு வர்ற தாய்மாருங்க பிள்ளைய இந்தப் பக்கம் இழுத்து வச்சிக்கிட்டுத் துணி பாக்குறாங்க."

ஒலிவாங்கியை மறு கைக்கு மாற்றினார்.

"அக்கா மக இப்ப பெரிய பிள்ளை. ஸ்கூல்ல அவளைக் கேலி பண்றாங்களாம், உன்னைப் பிடிச்சிட்டுப் போனவ எங்கன்னு. ரோட்டுல என்கூட நடக்க மாட்டேங்கிறா. 'சின்னம்மா, நீங்க பின்னால வாங்க'ன்னு சொல்றா. அவ பாசமான பிள்ளைதான். அவளுக்கு வெக்கம்."

எனக்கு அக்கா இல்லை, அக்கா மகளும் இல்லை. ஆனாலும் விதிப்படி 'என் அக்கா மகள் என்னோடு நடக்க மாட்டாள்' என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. ஒலிவாங்கியை ஒரு கணம் அணைத்து வைத்திருந்துவிட்டுச் சொன்னேன்.

"அந்தப் படத்தை எடுத்திடுங்க. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

கைதட்டல்

கலாநிதி ஹெட்செட்டைக் கழற்றினார். கண்கள் கலங்கியிருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். "இது மிகவும் வலிமையான ஓர் இடையீடு" என்றார். "பாதிக்கப்பட்டவரின் குரலை நாம் இன்று நேரடியாகக் கேட்டோம். இதைவிடச் சிறந்த உதாரணம் நமக்குக் கிடைக்காது."

சபை கைதட்டியது. நீண்ட நேரம் தட்டியது. தவமணி இரு பக்கமும் பார்த்தார். தான் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டதா என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. கைதட்டலை எப்படி உரைபெயர்ப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

திட்ட இணைப்பாளர் ஜெனிற்றா ஓடிவந்து அவரை மேடைக்கு அழைத்துப் போனாள். ஜெனிற்றா நல்ல பெண். எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பாள். தவமணியைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். திரையில் இன்னும் அதே படம். உடனே மண்டபம் முழுவதும் கைத்தொலைபேசிகள் உயர்ந்தன. படத்தில் இருக்கும் பெண்ணும் படத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்ணும் ஒரே சட்டகத்தில்.

"என்னைப் படம் எடுக்காதீங்க" என்றார் தவமணி, பக்கத்தில் இருந்த ஒலிவாங்கியில். "எடுத்தவங்க தயவுசெஞ்சு அழிச்சிடுங்க. நான் இவ்வளவு நேரமும் அதைத்தானே சொன்னேன். உங்களுக்குக் காது கேக்கலையா?"

நான் அப்படியே சொன்னேன், காது உட்பட.

ஜெனிற்றா மேடையில் இருந்து இறங்கி நேரே என் கூண்டுக்கு வந்து கதவைத் திறந்தாள்.

"மிஸ், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். கொழும்புல இருந்து பெரியவங்க வந்திருக்காங்க."

"அவங்க சொன்னதைத்தான் நான் சொல்ல முடியும் ஜெனிற்றா."

"இல்ல மிஸ், அர்த்தம் மாற வேணாம். ஆனா கொஞ்சம்…"

"கொஞ்சம்?"

"நன்றியோட சொல்ற மாதிரி."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

மதியச் சாப்பாட்டு வரிசையில் பந்துல என் பக்கத்தில் வந்து நின்றார். தன் கைத்தொலைபேசியை நீட்டினார். அவருடைய ஊர்க் குழு ஒன்றில் ஒரு படம் வந்திருந்தது. வாவிக்கரை மண்டபத்தின் திரை. எடுத்தவர் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கிட்டே இழுத்து எடுத்ததில், கீழ் மூலையில் இருந்த சிவப்புச் சொல் வெளியே போய்விட்டது. கீழே யாரோ சிங்களத்தில் கேட்டிருந்தார்கள்: இவளை இன்னும் பிடிக்கவில்லையா?

"இதைப் போட்டவன் நம்ம மண்டபத்தில்தான் இருக்கிறான்" என்றார் பந்துல சிங்களத்தில். "இப்போது பருப்புக் கறி போட்டுக்கொள்கிறான் பாருங்கள்."

பார்த்தேன். கழுத்தில் பெயரட்டை தொங்கியது. பொய்ச் செய்திகளை இனங்காணும் பயிற்சிக்குப் பதிவு செய்துகொண்டு வந்தவர்.

பந்துல சோற்றுத் தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டே, அந்தக் குழுவில் அந்தப் பெண் யார், அன்று என்ன நடந்தது என்று கட்டை விரலால் எழுத ஆரம்பித்தார். சாப்பிடவில்லை. எழுதி முடிக்கும்வரை கறி ஆறியது.

ஹெட்செட் ஊமையானது

சாப்பாட்டுக்குப் பிறகு அமர்வு தொடங்கியது. பாதிச் சபை தூக்கத்தில். கலாநிதி திரையை இயக்கினார்.

"காலையில் நாம் பார்த்ததுபோல" என்றார்.

அதே படம்.

அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் நினைக்கவில்லை. எண்ணம் என்று ஒன்று இருந்திருந்தால் செய்திருக்கமாட்டார். உரை அந்த வரிசையில் இருந்தது. அவர் உரையின் பின்னால் போனார்.

தவமணி வீட்டுக்குப் போகவில்லை. படம் எப்போது போகும் என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று கடைசி வரிசையிலேயே இருந்தார். இப்போது எழுந்தார். கதிரைகளுக்கு நடுவே நடந்து போய்த் திரைக்கு முன்னால் நின்றார். யாரும் ஒலிவாங்கி கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

"சேர், காலையில நான் சொன்னது உங்களுக்கு விளங்கலையா?"

கலாநிதி பழக்கப்படி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. ஹெட்செட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு என் கூண்டைப் பார்த்தார்.

உரைபெயர்ப்பில் இன்னொரு விதி உண்டு. பேச்சு ஒலிவாங்கி வழியே வந்தால்தான் பெயர்க்க வேண்டும். வெளியே இருந்து காதில் விழுவதைப் பெயர்க்கக் கூடாது. பிழை வரும் என்பதற்காக வைத்த விதி. என் கூண்டுக் கதவு திறந்திருந்தது. தவமணி பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனால் விதி விதிதானே. நான் ஹெட்செட்டைத் தொட்டு, சத்தம் வரவில்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். பந்துலவும் விரித்தார்.

கலாநிதிக்கு வேறு வழி இருக்கவில்லை. ஹெட்செட்டைக் கழற்றினார். எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக மேடையில் தமிழில் பேசினார்.

"தங்கச்சி, இது ஒரு உதாரணம் மட்டும்தான். உங்களைக் குறை சொல்லேல்லை. இதில பொய் எண்டு தானே எழுதிக் கிடக்கு."

"அது இங்கிலீஷ்ல எழுதியிருக்கு சேர். என் மூஞ்சி எல்லாப் பாஷையிலயும் இருக்கு."

கலாநிதி திரையைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் படத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

"ஓம்" என்றார் கடைசியில். "எடுத்துவிடுறன்."

மடிக்கணினியின் பக்கம் போனார். படத்தை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எதையோ அழுத்தினார், படம் பெரிதானது. இன்னொன்றை அழுத்தினார், படம் தலைகீழானது. சபை விழித்துக்கொண்டது. செயற்கை நுண்ணறிவின் எதிர்காலத்தைப் பற்றிக் காலையில் எங்களை எச்சரித்தவர், தலைகீழாகத் தொங்கும் பெண்ணோடு திரையின் முன் வியர்த்துக்கொண்டிருந்தார். ஜெனிற்றா ஓடிவந்து ஒரு விசையை அழுத்தினாள். படம் போனது. அவ்விடத்தில் வெறும் வெள்ளை.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார் தவமணி.

"அவ்வளவுதான் அக்கா" என்றாள் ஜெனிற்றா.

"இவ்வளவு சின்ன வேலையா? உங்க ஒபிசுக்கு எத்தனை தரம் போன் பண்ணியிருப்பேன். கவனத்தில் எடுக்கிறோம், கவனத்தில் எடுக்கிறோம்னு சொன்னீங்களே."

ஜெனிற்றா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அழைப்புகளில் சிலவற்றை எடுத்தது அவளாக இருக்கலாம். கொழும்பில் இருந்து வந்த பெரியவர்கள் தங்கள் கைத்தொலைபேசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு தவமணி வரிசை வரிசையாகப் போனார். "காட்டுங்க, அழிச்சிட்டீங்களா" என்று கேட்டார். சிலர் வெட்கத்தோடு அழித்துக் காட்டினார்கள். சிலர் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எடுக்கவில்லை என்றார்கள். பருப்புக் கறிக்காரர், "அனுப்பினது அனுப்பினதுதான், இனி என்ன செய்யிறது" என்று சொன்னார். தவமணி அவர் பக்கத்திலேயே நின்றார். கடைசியில் அந்த மனிதர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மாலையில் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். யாரோ தவமணிக்கும் ஒன்று எழுதிவிட்டார்கள். பொய்ச் செய்திகளை இனங்காணும் பயிற்சியைத் திறம்படப் பூர்த்தி செய்தார் என்று அதில் இருந்தது.

"இதைக் கடையில மாட்டலாமா மிஸ்?" என்று என்னிடம் கேட்டார்.

"மாட்டுங்க" என்றேன். "கல்லாவுக்கு மேல, வர்றவங்களுக்குத் தெரியிற மாதிரி."

முதல் தடவையாகச் சிரித்தார். தொலைபேசி எண்களைப் பரிமாறிக்கொண்டோம்.

பச்சை நிறத்தில் ஒரு சரி

சில மாதம் கழித்துப் பல்லேகல பக்கம் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் செயலமர்வு, நாளுக்கொரு குழு. அதே கலாநிதி, அதே ஜெனிற்றா, பக்கத்துக் கூண்டில் பந்துல. தலைப்பில் சவால்கள் இருந்தன, வாய்ப்புகளும் இருந்தன.

முதல் நாள், உரை அந்த இடத்துக்கு வந்ததும் நான் திரையைப் பார்த்தேன். ரயில் மேடைப் படம் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்.

அவ்விடத்தில் வேறு ஒரு படம். வாவிக்கரை மண்டபத்து மேடை. நீலச் சேலை. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் தவமணி, கையை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டு நிற்கிறார். என்ன சொன்னார் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. என்னைப் படம் எடுக்காதீங்க என்று சொன்ன கணம் அது. கீழ் மூலையில் பச்சை நிறத்தில் ஒரு 'சரி' அடையாளம். பக்கத்தில் ஆங்கிலத்தில், 'ஒரு வெற்றிக் கதை'.

பந்துல கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவரும் உரைபெயர்த்துக்கொண்டே இருந்தோம். ஒலிவாங்கி வழியாக வந்ததை மொழிபெயர்த்துத்தானே ஆக வேண்டும்.

தேநீர் இடைவேளையில் ஜெனிற்றாவைப் பிடித்தேன்.

"மிஸ், இது நல்ல படம்தானே" என்றாள். "அவங்களைப் பத்தி நல்லதாத்தானே சொல்றோம்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னு சொல்லிடுவாங்க மிஸ்."

வெளியே போய்த் தவமணிக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். பின்னால் துணி வெட்டும் கத்தரியின் ஓசைதான் கேட்டது.

"அந்தச் சேலையா மிஸ்? நீலம்?"

"ஆமா."

"நாளைக்கும் கூட்டம் இருக்கா?"

"இருக்கு."

"சரி" என்றார். "கடையை ஒரு நாள் பூட்டுறேன்."

மறுநாள் காலை குத்துவிளக்கு ஏற்றுவதற்கு முன்பே அவர் வந்துவிட்டார். இந்தத் தடவை சாதாரணச் சேலை. நேரே முன்வரிசைக்குப் போய், பிரமுகர்களுக்காக வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருந்த கதிரைகளில் நடுவில் இருந்ததில் உட்கார்ந்தார். எழுப்புவதற்காக ஜெனிற்றா இரண்டடி வந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பிப் போய்விட்டாள்.

கலாநிதி மேடை ஏறினார். வணக்கம் சொல்லத் தலையை நிமிர்த்தியவர் முன்வரிசையைப் பார்த்தார். அப்படியே நின்றார். மடிக்கணினியைப் பார்த்தார். மறுபடி முன்வரிசையைப் பார்த்தார். கையை நீட்டி மடிக்கணினியை மெதுவாக மூடினார்.

அன்று படம் இல்லாமல் பேசினார். படம் இல்லாமல் அவருக்குப் பேச வருமா என்று பந்துலவும் நானும் ஆவலோடு காத்திருந்தோம். வந்தது, ஆனால் கொஞ்சம்தான் வந்தது. இளைஞர்களைப் பற்றி இரண்டு வாக்கியம், சீரழிவைப் பற்றி ஒரு வாக்கியம். வழக்கமாக மதியம்வரை போகும் உரை தேநீருக்கு முன்பே முடிந்துவிட்டது. சமையல்காரர்கள் இன்னும் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கேள்விகள் இருந்தால் கேட்கலாம்" என்றார், கேட்காமல் விட்டால் நல்லது என்ற குரலில்.

தவமணி கையை உயர்த்தினார்.

ஒலிவாங்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கலாநிதி ஹெட்செட்டைத் தேடவில்லை. நான் என் ஒலிவாங்கியை இயக்கிவிட்டுக் காத்திருந்தேன். பந்துல கண்ணாடிக்குக் கிட்டே நகர்ந்தார்.

"சொல்லுங்கோ தங்கச்சி" என்றார் கலாநிதி.

"கேள்வி ஒண்ணுமில்ல சேர்" என்றார் தவமணி. "வந்திருக்கேன்னு காட்டினேன்."